அவள் தங்கையாக இல்லாமலிருந்தால்?

பெரிய நடிகரின் படம் வெளியாகிற அன்று எங்கள் கே.ஜி.கண்டிகைப் பக்கத்துப் பையன்கள் கோழி கூவுவதற்கு முன்பே பைக்கை எடுத்துவிடுகிறார்கள். சோளிங்கர் சாலையில் வந்து, திருத்தணி மலையை ஒட்டித் திரும்பி, எல்லையைத் தாண்டினால் நகரி. அங்கே டிக்கெட் கிடைக்காவிட்டால் புத்தூர். ஆந்திராவில் விடிகாலைக் காட்சி போட்டுவிடுவார்கள். நம் பக்கம் காலை 9 மணிக்கு முன்னால் படம் ஓடாது. 2023 ஜனவரியில் 'துணிவு' வெளியான அன்று, சென்னையில் ஒரு தியேட்டருக்கு முன்னால் லாரிமேல் ஏறி ஆடிய 19 வயதுப் பையன் கீழே விழுந்து இறந்துபோனான். அதற்குப் பிறகு தமிழ்நாடு அரசு நடுராத்திரிக் காட்சிக்கும் விடிகாலைக் காட்சிக்கும் அனுமதி தருவதை நிறுத்தியது. உயிர் போனதால் வந்த தடை. அந்தத் தடையைத் தாண்டுவதற்காக இருட்டில், லாரிகள் பறக்கிற சாலையில், ஒரு பைக்கில் மூன்று பேராகப் போகிறார்கள்.

டீக்கடையில் ஒருவர் என்னைச் சீண்டினார். "உங்க ஆளுங்க கட்அவுட்டுக்குப் பால் ஊத்தறதப் பத்திப் பேச வேண்டியதுதானே?" பேசலாம். மலைமேல் முருகனுக்குப் பால், மலையடியில் கட்அவுட்டுக்குப் பால். இரண்டும் ஒரே பூத்தில் வாங்கிய பாக்கெட்தான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்குகிற தோளில்தான் முதல் நாள் முதல் காட்சிக்குப் பால்குடமும் ஏறுகிறது. ஆனால் இந்தக் கண்டனத்தைப் பகுத்தறிவு பேசுகிற நாங்கள் பல வருஷமாகச் சொல்லியாகிவிட்டது. கேட்கிறவனுக்கு வலிப்பதில்லை, சொல்கிறவனுக்கு எந்தச் செலவும் இல்லை. இருபது வயதுப் பையனின் பக்தியைக் கேலி செய்வது சுலபம். நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிற படம் ஒன்று இருக்கிறது. அதைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தால் என்ன என்று தோன்றுகிறது.

அந்தப் படம் 'பராசக்தி'. 1952-இல் வந்ததைச் சொல்கிறேன்.

இப்போது அதைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது. 2025 ஜனவரிக் கடைசியில் அந்தப் பெயருக்கே ஒரு தகராறு நடந்தது. சுதா கொங்கரா இயக்கத்தில் சிவகார்த்திகேயன் நடிக்கும் படத்துக்கு அந்தத் தலைப்பு அறிவிக்கப்பட்ட அதே சமயத்தில், விஜய் ஆண்டனியின் 'சக்தித் திருமகன்' படத்தின் தெலுங்குப் பதிப்புக்கும் அதே தலைப்பு அறிவிக்கப்பட்டது. பழைய படத்தை எடுத்த நேஷனல் பிக்சர்ஸ் தரப்பு, பெயரைத் தொடாதீர்கள் என்றது. சிவாஜி ரசிகர்களும் குறுக்கே வந்தார்கள். கடைசியில் சமரசமாகி, விஜய் ஆண்டனி படம் தெலுங்கில் 'பத்ரகாளி' ஆயிற்று. பகுத்தறிவுப் படம் ஒன்றின் பெயருக்காக நடந்த சண்டையில் ஒரு தெய்வம் விலகி இன்னொரு தெய்வம் வந்து உட்கார்ந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. 1960-களின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை வைத்து எடுத்த புதிய 'பராசக்தி' 2026 பொங்கலுக்கு வந்தது. அது நல்ல படமா, சுமாரா என்பது வேறு பேச்சு. அந்தச் சண்டையில் எல்லோரும் காப்பாற்ற நினைத்தது ஒரு தலைப்பை. படத்தில் என்ன இருக்கிறது என்று எவரும் திறந்து பார்க்கவில்லை.

திறந்து பார்ப்போம்.

1952 அக்டோபர் 17, தீபாவளி நாள். பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம், கருணாநிதியின் திரைக்கதை வசனம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம். வேலூர் பி.ஏ.பெருமாள் முதலியார் ஏவி.எம்முடன் சேர்ந்து எடுத்தார். சிவாஜி கணேசனுக்கு முதல் படம். இந்தப் பையன் சரிப்பட மாட்டான், வேறு ஆளைப் போடலாம் என்று ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் தரப்பில் சொன்னபோது பெருமாள் முதலியார் பிடிவாதமாக நின்றார். அதை மறக்காமல் சிவாஜி ஒவ்வொரு பொங்கலுக்கும் வேலூருக்குப் போய் அவருக்குச் சீர் செய்து வந்தார் என்பதும் தெரிந்த கதைதான். படம் வந்தது, ஊரே இரண்டுபட்டது. தடை செய் என்ற குரல் ராஜாஜியின் அரசாங்கம் வரை போனது. 'தினமணி கதிர்' படத்தைப் 'பரப்பிரம்மம்' என்று கேலி செய்து எழுத, கருணாநிதி அதே பெயரில் ஒரு நாடகமே எழுதி ஊர் ஊராகப் போட்டார். அந்தக் காலத்துச் சண்டைகளில் ஒரு சுவாரசியம் இருந்தது, மறுக்க முடியாது.

எங்கள் ஊர்க் கணக்கில் இன்னொரு விஷயம் உண்டு. 'பராசக்தி' வந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி. முதலானவர்களின் வடக்கெல்லைப் போராட்டமெல்லாம் நடந்து, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திரும்பி வந்தோம். ஆக, எங்கள் தாத்தாக்கள் 'பராசக்தி'யைச் சென்னை மாநிலத்தவராகவும், 1954-இல் வந்த 'இரத்தக்கண்ணீரை' ஆந்திரக்காரர்களாகவும் பார்த்தார்கள். பேரப்பிள்ளைகள் படம் பார்ப்பதற்காக எல்லை தாண்டுகிறார்கள். தாத்தாக்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க, எல்லைதான் அவர்களைத் தாண்டிப் போய் வந்தது. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். அதற்குக் காரணம் பின்னால் வரும்.

'பராசக்தி'யில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆனது குணசேகரனின் நீதிமன்றக் காட்சி. பள்ளி ஆண்டு விழாவில் துண்டை முறுக்கிக் கையில் சுற்றிக்கொண்டு, மூச்சு விடாமல் அதை ஒப்பிக்காத தலைமுறை கிடையாது. தங்கையிடம் அத்துமீறப் பார்த்த பூசாரியைத் தாக்கிய குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கிறவன் சமுதாயத்தையே கூண்டில் ஏற்றுகிறான். சரி. அதற்கு முன்னால் அதே நீதிமன்றத்தில் இன்னொருத்தி நின்றாள். குணசேகரனின் தங்கை கல்யாணி, பெற்ற குழந்தையை ஆற்றில் வீசிவிட்டுத் தானும் சாகப் போனவள். அவளும் பேசுகிறாள். ஏன் செய்தேன் என்று தன் வாயாலேயே சொல்கிறாள். பட்டினியும் துரத்தலும் பட்டது அவள். குற்றமும் அவளுடையது, தண்டனையும் அவளுக்குத்தான் வரும். ஆண்டு விழா மேடையில் ஒரு பெண்பிள்ளை ஏறிக் கல்யாணியின் வாக்குமூலத்தைப் பேசி நான் கேட்டதே இல்லை. அண்ணன் அவளைப் பற்றிப் பேசியது நமக்கு இலக்கியம். அவள் தன்னைப் பற்றிப் பேசியது நமக்கு நினைவிலேயே இல்லை.

அந்தக் காட்சியில் நீதிபதி யார்? மூத்த அண்ணன் சந்திரசேகரன். இதே கல்யாணி பசியோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, யார் என்று தெரியாமல் விரட்டியடித்தவர். அடையாளம் தெரியாதபோது அவருக்கு அவள் பிச்சைக்காரி. நீதிமன்றத்தில் முதலில் பார்க்கும்போது பிள்ளையைக் கொன்ற கைதி. அவள் கதையைச் சொல்லச் சொல்ல, ஐயோ இவள் என் தங்கை என்று தெரிந்ததும் மயங்கி விழுகிறார். தியேட்டரே அழுதது. இன்றைக்கும் டி.வி.யில் போட்டால் என் வீட்டில் கண்ணைத் துடைப்பவர்கள் உண்டு.

நான் கேட்பது ஒன்றுதான். அவள் தங்கையாக இல்லாமலிருந்தால்?

அதே பசி, அதே பூசாரி, அதே ஆறு. பெயர் மட்டும் கல்யாணி இல்லை. அப்பா மதுரை மாணிக்கம் பிள்ளை இல்லை. ஏதோ ஒரு செங்கல் சூளையிலிருந்து வந்த ஏதோ ஒருத்தி. நீதிபதி மயங்கி விழுவாரா? சட்டப் புத்தகத்தைப் புரட்டுவார். எழுதுவார். பேனாவை மூடுவார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவார். வாசலில் அடுத்த கல்யாணி நிற்பாள், அவளையும் விரட்டுவார். சந்திரசேகரன் கெட்டவர் அல்ல. பெரிய மனிதர், கடமை தவறாதவர், அன்றைக்கும் இன்றைக்கும் நம்மில் பலரைப் போன்றவர். அதனால்தான் அவர் பயங்கரமானவர். பூசாரியைக் கண்டால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது, படத்தில் வருகிற பிளாக் மார்க்கெட்காரனைக் கண்டால் கொதிக்கிறது. வாசலில் நின்றவளை விரட்டிய நீதிபதியைக் கண்டு எவனுக்கும் கொதிக்கவில்லை. காரணம், அவர் அண்ணன். அண்ணன் என்று தெரிந்த பிறகு அவர் அழுதுவிட்டார். அழுதவனை நாம் மன்னித்துவிடுவோம்.

குணசேகரனையும் விட வேண்டாம். ரங்கூனிலிருந்து தங்கை கல்யாணத்துக்கு வந்தவன், கப்பல் தாமதமாகிச் சென்னையில் இறங்குகிறான். ஒரு நடனக்காரியின் வலையில் விழுந்து கையிலிருந்ததைத் தொலைக்கிறான். மதுரைக்கு வந்து பார்த்தால் தங்கை கைம்பெண், கைக்குழந்தை, இட்லி விற்றுப் பிழைப்பு. உடனே ஓடிப்போய், அம்மா, நான்தான் உன் அண்ணன் என்றானா? இல்லை. வெறுங்கையோடு வந்தேன் என்று சொல்ல மானம் இடம் தரவில்லை. பைத்தியம் போல் வேஷம் போட்டுக்கொண்டு அவளைச் சுற்றியே திரிகிறான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் பாதிப் படம் நடந்திருக்காது. பூசாரி வரைக்கும் அவள் போயிருக்கவே மாட்டாள். சமுதாயம், பணக்காரன், கோயில் என்று எல்லோரையும் கூண்டில் ஏற்றியவன், தன் மானத்தை மட்டும் ஏற்றவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தோன்றவில்லை, கதாசிரியருக்கும் தோன்றவில்லை, எழுபது வருஷமாகக் கை தட்டியவர்களுக்கும் தோன்றவில்லை.

அப்புறம் அந்தக் குழந்தை. ஆற்றில் வீசிய குழந்தை ஆற்றில் விழவில்லை. சரியாக அந்த நேரத்தில், சரியாக அந்த இடத்தில், பின்னால் குணசேகரன் கட்டிக்கொள்ளப்போகிற விமலாவின் படகு போகிறது. குழந்தை அதில் பத்திரமாக விழுகிறது. மலைமேல் ஒருவன் இப்படி ஒரு கதை சொன்னால் அதை முருகன் அருள் என்பான், நாங்கள் சிரிப்போம். கடவுளுக்கு வேலையில்லை என்று சொன்ன படத்தில் கடவுள் செய்யவேண்டிய வேலையைக் கதாசிரியரே செய்துவிட்டார். படகு மட்டும் இரண்டு கஜம் தள்ளிப் போயிருந்தால் கல்யாணிக்கு விடுதலை கிடைத்திருக்குமா?

கடைசியில் குடும்பம் சேர்கிறது. குணசேகரனும் விமலாவும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள். அனாதை விடுதி திறக்கிறார்கள். கல்யாணி? குழந்தை கிடைத்தது, அண்ணன்மார் கிடைத்தார்கள். கைம்பெண்ணாக வந்தவள் கைம்பெண்ணாகவே நிற்கிறாள். கைம்பெண் மறுமணச் சட்டம் வந்தது 1856-இல். சுயமரியாதை இயக்கம் செங்கற்பட்டில் மாநாடு கூட்டியது 1929 பிப்ரவரியில். பெண்ணுக்குச் சொத்துரிமையும் கைம்பெண் மறுமணமும் அங்கே தீர்மானங்கள். சட்டம் வந்து 96 வருஷம், தீர்மானம் போட்டு 23 வருஷம் கழித்து, இயக்கத்தின் பேர் சொல்லும் படத்தில் இளம் வயதுக் கைம்பெண்ணுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு என்று ஒரு வரி இல்லை. கோயில் கர்ப்பகிருகத்துக்குள் நுழையத் துணிந்த வசனம், சொந்த வீட்டு நடுக்கூடத்துக்குள் நுழையவில்லை. கற்பு என்பது பெண்ணுக்கு மட்டும் பூட்டிய பூட்டு என்று பெரியார் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். படத்தில் கல்யாணி தப்பித் தப்பி ஓடுவதெல்லாம் அந்தப் பூட்டைக் காப்பாற்றத்தான்.

உடனே ஒரு சமாதானம் வரும்: "அந்தக் காலத்துப் படம்ங்க. டிக்கெட் விக்கணும், சென்சார் தாண்டணும். அவ்வளவு சொன்னதே பெருசு." இதற்காகத்தான் 'இரத்தக்கண்ணீரை' எடுத்து வைத்தேன். இரண்டே வருஷம் கழித்து, 1954-இல் வந்தது. அதே நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார். அதே கிருஷ்ணன்–பஞ்சு. அதே சென்சார். திருவாரூர் தங்கராசு வசனம், எம்.ஆர்.ராதா கதாநாயகன். படம் முடிகிற இடத்தில் மோகனசுந்தரம் தன் மனைவி சந்திராவை நண்பன் பாலுவுக்குக் கட்டிவைக்கிறான். தான் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போதே! சந்திராவாக நடித்தவர் யார்? ஸ்ரீரஞ்சனி. 'பராசக்தி'யின் கல்யாணி. பாலுவாக வந்தவர்? எஸ்.எஸ்.ராஜேந்திரன். 'பராசக்தி'யில் கல்யாணியின் அண்ணன் ஞானசேகரன். கைம்பெண்ணாகவே விட்டுவிட்ட முகத்துக்கு, இரண்டு வருஷத்தில், அதே கம்பெனி, அதே கேமராவுக்கு முன்னால் மறுமணம் செய்து வைத்தது. ஜனங்கள் கொட்டகையைக் கொளுத்தவில்லை. படம் ஓடு ஓடென்று ஓடியது. ஆக, காலத்தின்மேல் பழி போட வழியில்லை. சந்திராவை யாராவது முறையாகக் கேட்டார்களா, புருஷன் எடுத்துக் கொடுக்கத்தான் அவள் இன்னொருவன் கையைப் பிடிக்க வேண்டுமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இருந்தாலும் 'பராசக்தி' போகாத தூரத்துக்கு இது போனது.

போனது, போய், இன்னொரு பள்ளத்தில் விழுந்தது. தாயை உதைத்தவன், மனைவியை விட்டுத் தாசி வீடே கதியென்று கிடந்தவன், ஆகவே அவனுக்குத் தொழுநோய். படத்தின் முதுகெலும்பே இதுதான். சாமியாரையும் சடங்கையும் கிழித்துத் தொங்கப்போடுகிற எம்.ஆர்.ராதாவின் வாய், பாவம் செய்தால் குஷ்டம் வரும் என்ற பாட்டிக் கதையை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு பேசுகிறது. தொழுநோய் ஒரு கிருமியால் வருகிறது என்று நார்வேக்காரர் ஹான்சன் 1873-இலேயே கண்டுசொல்லிவிட்டார். படம் எடுத்த காலத்தில் டாப்சோன் மாத்திரை வந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், படத்தின் முதலாளி இருந்த அதே வேலூரில், சி.எம்.சி. ஆஸ்பத்திரியில், பால் பிராண்ட் என்ற டாக்டர் 1940-களின் கடைசியிலிருந்தே தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஒரே ஊரில் ஒரு பக்கம் விரலை நிமிர்த்தினார்கள். இன்னொரு பக்கம் அந்த விரலைக் காட்டித் தண்டனை என்று படம் எடுத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அப்படி விரல் மடங்கிய பெரியவர் ஒருவர் உண்டு. நோய் குணமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது; மாத்திரை சாப்பிட்ட காலமே அவருக்கு மறந்துபோச்சு. டீ கிளாஸை மேல்துண்டால் சுற்றி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடிப்பார். துண்டு எதற்கு என்று கேட்டேன். சூடு தெரியாதாம்; கை பொத்துப்போன பிறகுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வாராம். அவர் கடைக்கு வந்தால் பையன்கள் குரலை நடுக்கிக்கொண்டு அந்தப் படத்து வசனத்தைச் சொல்லுவார்கள். வேறு கெட்ட எண்ணம் இல்லை, மிமிக்ரிதான். அவரும் சிரிப்பார். எம்.ஆர்.ராதா நாத்திகம் பேசிய நடிகர் என்பது அந்தப் பையன்களுக்குத் தெரியாது. அந்தக் கையும் அந்தக் குரலும் தெரியும். எழுபது வருஷத்தில் படத்திலிருந்து ஊருக்கு வந்து சேர்ந்தது அதுதான். படம் மட்டும்தான் இப்படி என்று சொல்லி ஒதுங்கவும் முடியாது: இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாகத் தொழுநோய் 2019 வரைக்கும் இருந்தது.

பழைய படத்தை ஏன் நோண்டுகிறாய், புதுப்படத்தைப் பார் என்கிறவர்களுக்கு: புதுப்படம் என்று இப்போது எதைச் சொல்வது? 2024 ஏப்ரலில் 'கில்லி' மறுபடி வந்து புதுப்படங்களையே ஓரங்கட்டியது. 2025 டிசம்பரில் ரஜினியின் 75-ஆவது பிறந்தநாளுக்குப் 'படையப்பா' வந்தது. 1999-இல் பார்த்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெண்களை மூன்று ரகமாகப் பிரித்து, எந்த ரகத்தைக் கும்பிடலாம், எந்த ரகத்தைக் கண்டு பயப்படலாம் என்று கதாநாயகன் பாடம் எடுக்கிற காட்சி அதில் இருக்கிறது. 26 வருஷத்தில் நாட்டில் எவ்வளவோ நடந்துவிட்டது; அந்த இடத்தில் விசில் மட்டும் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளிடம், நீ எந்த ரகம் என்று கேட்கிற தைரியம் எந்த அப்பனுக்கும் வந்திருக்காது. திரையில் வருகிறவள் வேறு, நம் வீட்டுப் பெண் வேறு. திரும்பவும் அதே தங்கைக் கணக்கு.

புதிதாக எடுக்கிற பெரிய படங்களுக்கும் இந்தக் கணக்குத்தான் மூலதனம். நாயகன் அமைதியாக இருக்கிறான். ஊரில் அநியாயம் நடக்கிறது, பொறுத்துக்கொள்கிறான். இடைவேளைக்கு முன்னால் அவன் தங்கையை, மகளை, பொண்டாட்டியை யாராவது தொட வேண்டும். அப்போதுதான் கத்தி வெளியே வரும். ஊருக்காக ஏன் வரவில்லை என்று கேட்டால் இயக்குநர் சிரிப்பார். "அதெல்லாம் ஜனங்களுக்கு எமோஷனலா கனெக்ட் ஆகாது சார்." அவர் பொய் சொல்லவில்லை. நம்மைச் சரியாகத்தான் எடை போட்டு வைத்திருக்கிறார்.

விலக்கும் இருக்கிறது. 2021 நவம்பரில் வந்த 'ஜெய் பீம்'. போலீஸ் காவலில் காணாமல்போன இருளர் ஒருவனின் மனைவி செங்கேணி. அவளுக்காக வழக்காடுகிற வக்கீல் சந்துரு அவளுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, சாதியுமில்லை, ஊருமில்லை. 1993-இல் இன்றைய கடலூர் மாவட்டத்தில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்பவருக்கு நேர்ந்ததை ஒட்டி எடுத்த படம். நிஜத்திலும் வழக்காடிய கே.சந்துரு அந்தப் பெண்ணுக்குச் சொந்தக்காரர் அல்ல. யாரும் மயங்கி விழவில்லை. ஆள்கொணர்வு மனு போட்டார்கள், சாட்சிகளைத் தேடினார்கள், பொய்யை ஒவ்வொரு இழையாகப் பிரித்தார்கள். 'பராசக்தி' நீதிபதிக்கு ஏறக்குறைய எழுபது வருஷம் கழித்து வந்த பதில் என்று அதைத்தான் சொல்வேன். அதற்கு யாரும் கட்அவுட் வைக்கவில்லை, வைக்கவும் முடியாது. படம் தியேட்டருக்கே வரவில்லை, நேராக அமேசான் பிரைமில் வந்தது.

இருளர்கள் என்றால் எங்களுக்குப் படத்தில் பார்த்துத் தெரிய வேண்டிய ஆட்கள் இல்லை. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தவர்களை அதிகாரிகள் மீட்டார்கள் என்ற செய்தி பேப்பரில் வந்துகொண்டேதான் இருக்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. 'ஜெய் பீம்' பார்த்துவிட்டு வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைத்த கை, வீடு கட்டும்போது சூளைக்காரரிடம் ஒரு லோடு செங்கல் என்ன விலை என்றுதான் கேட்கிறது. வேலைக்கு எத்தனை குடும்பம், அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று கேட்பதில்லை. மலைமேல் இருப்பவன் வேடர்குலத்து வள்ளியை ஓடிப்போய்க் கட்டினான் என்று தேர் இழுக்கிற ஊர் இது. அடிவாரத்தில் எவனாவது அதைச் செய்தால் போலீஸ் ஸ்டேஷனில் பாதுகாப்புக் கேட்டு நிற்க வேண்டும். பக்தர்களைக் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியை நாங்கள் வருஷா வருஷம் கேட்கிறோம். ஆனால் எங்கள் வீட்டில் பெண் எடுக்கும்போது எங்களில் எத்தனை பேர் சாதியைப் பார்க்கவில்லை என்று ஒரு கணக்கு எடுத்தால், அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தி.க. கூட்டங்களுக்குத் தவறாமல் போகிற பெரியவர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்குக் கோபம். "எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கறியா தம்பி? இவ்வளவு வருஷமா அந்தப் படத்த வெச்சுத்தான் நாலு பேரை யோசிக்க வெச்சிருக்கோம்." யோசிக்க வைத்தது உண்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் அப்பாவைக் கோயில் வாசலிலிருந்து திருப்பியது அந்த நீதிமன்றக் காட்சிதான் என்று அவரே சொல்வார். ஆனால் யோசிக்கச் சொன்ன படத்தைப் பற்றி மட்டும் யோசிக்கக் கூடாது என்றால், அப்புறம் மலைமேல் இருக்கிறவர்களிடம் நாம் என்ன பேசுவது? அவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்: எங்களது பழையது, பெரியது, நிறையப் பேருக்கு ஆறுதல் தந்தது, கேள்வி கேட்காதே. பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அது சரி, நீதிபதி கல்யாணிய விரட்டினத நானும் கவனிச்சதில்லடா" என்றார். பிறகு, அந்த விரட்டல் எந்த இடத்தில் வருகிறது என்று மறுபடி பார்க்க வேண்டும் என்று பேரனிடம் சொல்லி யூடியூபில் தேட ஆரம்பித்தார்.

2027 அக்டோபரில் 'பராசக்தி'க்கு 75 வயது. மறுவெளியீடு வரும், மாலை போடுவார்கள், பட்டிமன்றம் நடக்கும். கே.ஜி.கண்டிகையிலும் போடலாம் என்று பேச்சு கிளம்பினால் நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். தியேட்டர் வேண்டாம், பள்ளிக்கூடத் திடல் போதும். அம்மையார்குப்பம் தறிக்காரர்களிடம் கேட்டால் திரைக்குத் துணி கிடைக்கும். படத்தைக் கல்யாணி கூண்டில் ஏறும் வரை ஓட்ட வேண்டும். அவள் யார் மகள், எந்த ஊர் என்று சொல்லுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் நிறுத்திவிட வேண்டும். விளக்கைப் போட்டு, ஆளுக்கொரு சீட்டுக் கொடுக்க வேண்டும். இவள் யாரோ ஒருத்தி, நீங்கள்தான் நீதிபதி, பிள்ளையைக் கொன்றவளுக்கு என்ன தீர்ப்பு? படகு வரும் என்ற நம்பிக்கையில் யாரும் எழுதக் கூடாது. படத்தை முன்பே பார்த்தவர்கள் எழுதலாம், தங்கை என்பதை மறந்துவிட்டு எழுத முடிந்தால். எழுதி முடித்த பிறகு, மிச்சப் படத்தைப் போடுவதற்கு முன்னாலேயே, எண்ணிப் படித்துவிட வேண்டும். பெயர் போட வேண்டாம். ஆனால் ஆண்களின் சீட்டு ஒரு பெட்டியிலும் பெண்களின் சீட்டு ஒரு பெட்டியிலும் விழட்டும். இரண்டையும் தனித்தனியாக எண்ணுவோம்.